சிறுநீர்ப் படிகங்களைக் கணினிக்கு அடையாளம் காட்டுவது: பினாங்கில் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

மிண்டன் மாணவி · செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் மிண்டனில் இறுதியாண்டு படிக்கிறேன். என் புரோஜெக்ட் இதுதான்: சிறுநீர் வண்டலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படமெடுக்க வேண்டும், அதில் தெரியும் படிகம் எந்த வகை என்று கணினியே சொல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே விலை உயர்ந்த கருவிகள் இருக்கின்றன. நான் நினைப்பது சின்ன கிளினிக்குகளுக்கு. பழைய மைக்ராஸ்கோப், அதன் கண்வில்லையில் ஒரு கைப்பேசி, அவ்வளவுதான். கைப்பேசியைப் பிடித்துக்கொள்ளும் சட்டத்தை எங்கள் மாமா பிளாஸ்டிக் குழாயை அறுத்துச் செய்து கொடுத்தார்.

400 மடங்கு பெருக்கத்தில் இதுவரை சுமார் மூவாயிரம் படங்கள் சேர்த்திருக்கிறேன். எல்லாம் முறைப்படி அனுமதி வாங்கியவை, பெயர் விவரம் எதுவும் என்னிடம் இல்லை. ஐந்து வகை வைத்தேன்: கால்சியம் ஆக்சலேட், யூரிக் ஆசிட், டிரிபிள் பாஸ்பேட், உருவமில்லாத பொடித்துகள், மற்றவை. மாடலை, அதாவது படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரலை, பயிற்றுவித்துச் சோதித்தபோது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகச் சொன்னது. மேற்பார்வையாளருக்கும் மகிழ்ச்சி.

போன வாரம் வேறொரு கிளினிக்கில் பத்துப் புது ஸ்லைடுகளைப் படமெடுத்துக் கொடுத்தேன். எல்லாம் கலைந்துவிட்டது. பாதிக்கு மேல் ஆக்சலேட் என்கிறது. ஒரு ஸ்லைடு முழுக்கப் பொடி என்கிறது. அதே மைக்ராஸ்கோப், அதே கைப்பேசி. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. எங்கே தவறு செய்தேன் என்று யாராவது சொல்ல முடியுமா? அப்புறம், அரிதாக வரும் படிகங்களுக்கு நான் எங்கே போவது?

---

பாயான் லெப்பாஸ் அண்ணன் · செவ்வாய், இரவு 10.15

தங்கச்சி, நான் படிகம் பார்த்ததில்லை. ஆனால் பதினாறு வருடமாக பாயான் லெப்பாஸில் ஆட்டோமேட்டிக் ஆப்டிகல் இன்ஸ்பெக்ஷன் மெஷின்களோடுதான் வாழ்க்கை. சர்க்யூட் போர்டில் ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா, சில்லு சாய்ந்திருக்கிறதா என்று கேமரா பார்த்துச் சொல்லும் வேலை. உன் பிரச்சினையைப் படித்ததும் ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

மூவாயிரம் படம் என்கிறாய். அது எத்தனை நோயாளிகளின் படம்?

ஒரே ஸ்லைடில் முப்பது இடத்தில் படமெடுத்து, அந்த முப்பதையும் குலுக்கிப் போட்டு, பாதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் கொடுத்திருந்தால், பரீட்சைக்கு முதல் நாளே மாணவனிடம் கேள்வித்தாளைக் காட்டிய மாதிரிதான். அந்த ஸ்லைடின் வெளிச்சம், அதன் மஞ்சள் நிறம், மூலையில் இருக்கும் கீறல் எல்லாவற்றையும் மாடல் மனப்பாடம் செய்துவிடும். படிகத்தைப் பார்த்தா பதில் சொன்னது, கீறலைப் பார்த்தா சொன்னது என்று உனக்குத் தெரியாது.

பிரிக்கும்போது நோயாளிவாரியாகப் பிரி. ஒருவருடைய படம் ஒன்றுகூட இரண்டு பக்கமும் போகக்கூடாது. முடிந்தால் ஒரு கிளினிக் முழுவதையும் சோதனைக்கென்றே ஒதுக்கி வை. எண் கீழே இறங்கும். பயப்படாதே, அதுதான் உன் மாடலின் உண்மையான எண்.

---

லேப் அக்கா · செவ்வாய், இரவு 11.05

பினாங்குத் தீவிலும் கரைக்கு அந்தப் பக்கமும் இருபத்திரண்டு வருடம் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் இருந்தவள் நான். அண்ணன் சொன்னது படம் எடுத்த பிறகு நடப்பது. நான் படம் எடுப்பதற்கு முன்னால் நடப்பதைக் கேட்கிறேன். அந்தப் பத்து மாதிரிகளும் எத்தனை மணிக்கு எடுத்தவை? நீ ஸ்லைடு போடும் வரைக்கும் எங்கே இருந்தன?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், சிறுநீர் டப்பாவுக்குள் போன பிறகும் மாறிக்கொண்டே இருக்கும். உடலுக்குள் 37 டிகிரி. ஏர்கான் அறையில் மேசை மேல் வைத்தால் இருபத்துச் சொச்சம். குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் கீழே. சூடு குறையக் குறைய, கரைந்திருந்தவை எல்லாம் படிகமாக வெளியே வரும். அமிலச் சிறுநீரில் யூரேட் பொடியாக இறங்கி, குழாயின் அடியில் செங்கல் பொடி மாதிரி இளஞ்சிவப்பாக உட்கார்ந்துவிடும். காரமாக இருந்தால் பாஸ்பேட் வெள்ளையாக இறங்கும். அந்த மனிதரின் சிறுநீரகத்தில் இவை இருக்கவே இல்லை. குளிர்பெட்டி செய்த படிகம். அதனால்தான் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒரு வழி சொல்கிறேன். பொடி மூடிய மாதிரி வந்தால் குழாயை 37 டிகிரி வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்து. யூரேட் பொடி கரைந்து கலங்கல் தெளிந்துவிடும். பாஸ்பேட் சூட்டுக்குக் கரையாது. அசிட்டிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டால் கரையும். உன் கேமராவுக்கு இரண்டும் ஒரே மணல்தான்.

ஆகவே ஒவ்வொரு படத்தோடும் மூன்று விஷயம் எழுதி வை: எடுத்த நேரம், பார்த்த நேரம், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு. டிரிபிள் பாஸ்பேட் காரச் சிறுநீரில்தான் வரும். யூரிக் ஆசிட், சிஸ்டைன் இரண்டும் அமிலத்தில். ஆக்சலேட் பெரும்பாலும் அமிலத்தில் வரும், மற்றதிலும் வரும். பி.எச். 8 என்று ஸ்ட்ரிப் காட்டும்போது உன் மாடல் யூரிக் ஆசிட் என்றால், நான் மாடலை நம்ப மாட்டேன். இதைக் கணினிக்கும் சொல்லிக்கொடு. படத்தை மட்டும் காட்டி வகை கேட்பது, முகத்தை மட்டும் காட்டி ஊர் கேட்பது மாதிரி.

---

மிண்டன் மாணவி · புதன், காலை 7.20

அக்கா, அண்ணே, இரண்டு பேரும் என் தவற்றைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். குலுக்கித்தான் பிரித்தேன். மொத்தம் 74 பேருடைய மாதிரிகள்தான். புது கிளினிக் மாதிரிகள் காலையில் எடுத்தவை. நான் வகுப்பு முடிந்து போகும்வரை குளிர்பெட்டியில் இருந்தன. மாலை ஐந்து மணிக்குத்தான் ஸ்லைடு போட்டேன். இன்றே நோயாளிவாரியாகப் பிரித்துத் திரும்பப் பயிற்றுவிக்கிறேன்.

அக்கா, இன்னொன்று. ஆக்சலேட் என்று தவறாகச் சொன்ன படங்களில் நிறைய வட்ட வட்டமான சின்ன உருவங்கள். அவை என்ன?

---

லேப் அக்கா · புதன், மதியம் 1.10

படம் பார்த்தேன். பெரும்பாலும் சிவப்பணுக்கள். ஒன்றிரண்டு காற்றுக் குமிழி. கருவிகளும் தடுமாறுகிற இடம் இது.

ஆக்சலேட்டில் இரண்டு ஆள் உண்டு. டைஹைட்ரேட் என்பது எல்லாப் பாடப்படத்திலும் இருக்கும் தபால் உறை, நடுவில் பெருக்கல் குறி. அதை யாரும் தவறவிட மாட்டார்கள். மோனோஹைட்ரேட் வேறு மாதிரி. நீள்வட்டமாக இருக்கும், சில சமயம் உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கியிருக்கும். அந்த நீள்வட்டம் சிறியதாக இருந்தால் சிவப்பணுவிலிருந்து பிரிப்பது கஷ்டம். சிவப்பணு 7, 8 மைக்ரான். இதுவும் அந்த அளவில் வரலாம். போலரைசர் (ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் தகடு) போட்டுப் பார்த்தால் படிகம் இருட்டில் பளிச்சென்று ஒளிரும், சிவப்பணு காணாமல் போகும்.

நான் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு வீட்டுச் சாமான் பெயராகவே சொல்லிக் கொடுப்பேன். டிரிபிள் பாஸ்பேட் சவப்பெட்டி மூடி. அமோனியம் பையூரேட் ஊமத்தங்காய், பழுப்பாக, முள்ளு முள்ளாக. டைரோசின் நடுவில் இறுக்கிக் கட்டிய விளக்குமாறு. லூசின் குறுக்கே வெட்டிய வெங்காயம், வளையம் வளையமாக. கொலஸ்ட்ரால் ஓரம் உடைந்த கண்ணாடித் தகடு. யூரிக் ஆசிட்டுக்கு மட்டும் ஒரு பெயர் போதாது. சாய்சதுரம், பீப்பாய், ரோஜா, ஆறுமுகம் என்று எல்லா வேஷமும் போடும். அந்த ஆறுமுகத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது ஷிப்ட் தொடங்குகிறது, இரவில் வருகிறேன்.

---

புக்கிட் மெர்த்தாஜாம் மாமா · புதன், மாலை 6.30

இடையில் ஒரு கேள்வி. எனக்கு நான்கு வருடமாக கௌட், யூரிக் ஆசிட் கூடி வரும் மூட்டுவலி. கால் பெருவிரல் வீங்கிவிட்டால் செருப்புக்கூடப் போட முடியாது. என் சிறுநீரில் யூரிக் ஆசிட் படிகம் இருக்கிறது என்று போன மாதம் ரிப்போர்ட் வந்தது. இதைப் பார்த்தே கௌட் கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

கோலாலம்பூர் டாக்டர் · புதன், இரவு 8.45

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம், ஐயா. வெயிலில் அலைந்து தண்ணீர் குறைவாகக் குடித்தால் நல்ல ஆரோக்கியமான ஆளின் சிறுநீரிலும் யூரிக் ஆசிட் வரும். கீரை, தேநீர் அதிகமானால் ஆக்சலேட் வரும். ரிப்போர்ட்டில் படிகம் என்ற சொல்லைப் பார்த்ததும் கல் என்று நினைத்துப் பயந்து வருபவர்களை வாராவாரம் பார்க்கிறேன். பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) சாறு மட்டும் வேறு கதை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. ஆக்சலேட்டும் உண்டு, நரம்பைப் பாதிக்கும் நச்சும் உண்டு.

கௌட்டை உறுதி செய்யும் படிகம் மூட்டு நீரில் இருக்கிறது. மோனோசோடியம் யூரேட், ஊசி மாதிரி. கௌட் கட்டியிலிருந்து எடுத்த ஊசிகளை, மைக்ராஸ்கோப் முன்னோடியான லேவன்ஹூக் 1679-லேயே தன் லென்ஸில் பார்த்து எழுதி வைத்தார், அவை என்னவென்று தெரியாமலேயே. 1961-இல் மெக்கார்ட்டி, ஹாலண்டர் இருவரும் போலரைசர் வைத்து மூட்டு நீரில் அவற்றை அடையாளம் காட்டிய பிறகுதான் இது அன்றாடப் பரிசோதனையானது.

அந்த முறை அழகானது. போலரைசரோடு சிவப்புக் காம்பன்சேட்டர் என்ற ஒரு தகட்டையும் போடுவோம். பின்னணி மஜந்தா நிறமாகிவிடும். தகட்டின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் யூரேட் ஊசி மஞ்சளாகத் தெரியும், குறுக்கே கிடப்பது நீலம். போலி கௌட் என்று சொல்லும் கால்சியம் பைரோபாஸ்பேட்டுக்கு நேர் எதிர்: இணையாகக் கிடந்தால் நீலம், குறுக்கே கிடந்தால் மஞ்சள். மாணவி பின்னால் மூட்டு நீரையும் சேர்க்க நினைத்தால் இது உதவும் என்று எழுதுகிறேன்.

---

பாயான் லெப்பாஸ் அண்ணன் · புதன், இரவு 9.20

டாக்டர், நீங்கள் எழுதியதைப் படித்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

படம் குறைவாக இருக்கும்போது நாங்கள் எல்லாரும் ஒரு வேலை செய்வோம். ஒரே படத்தைத் திருப்பி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றி, சுழற்றி, ஒன்றைப் பத்தாக்குவோம். சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படிகத்துக்கு அதில் தப்பில்லை. ஸ்லைடில் படிகம் எந்தப் பக்கமும் கிடக்கலாம். ஆனால் காம்பன்சேட்டர் போட்ட படத்தை 90 டிகிரி சுழற்றினால் என்ன ஆகும்? தகட்டின் அச்சு எப்போதும் ஒரே திசையில்தான் நிற்கிறது என்று மாடல் நினைத்துக்கொண்டிருக்கும். இணையாகக் கிடந்த மஞ்சள் ஊசி இப்போது குறுக்கே கிடக்கும், நிறம் மட்டும் மஞ்சளாகவே இருக்கும். அதாவது கௌட் படத்தைக் கொடுத்துப் போலி கௌட்டைக் கற்றுக்கொடுத்துவிடுவோம்! அச்சு மூலைவிட்டமாக நின்றால் இடவலம் மாற்றினாலும் இதே கதிதான். 180 டிகிரி மட்டும் பாதுகாப்பு.

நிறத்தைக் கூட்டிக் குறைத்துப் பழக்கும் வழக்கமும் உண்டு, அதையும் அங்கே விட்டுவிட வேண்டும். தங்கச்சி, உன் பயிற்சிக் கோப்பில் இந்த வரிகள் தானாகவே வந்திருக்கும், போய்ப் பார். அளவை மாற்றும் வரியையும் பார். படத்தை இஷ்டத்துக்குப் பெரிதாக்கினால் எட்டு மைக்ரான் எது, எண்பது மைக்ரான் எது என்றே அதற்குத் தெரியாமல் போகும்.

---

பிறை எண்ணெய்க்காரன் · புதன், இரவு 10.00

நானும் படிகம் பார்ப்பவன்தான், ஆனால் பாமாயிலில். மார்ஜரின், ஷார்ட்னிங் செய்யும் ஆலை. கொழுப்பு உறையும்போது பல வடிவங்களில் படிகமாகும். அதில் எங்களுக்கு பீட்டா பிரைம் என்ற வடிவம் வேண்டும். ஒரு மைக்ரான் அளவில் நுண்ணிய ஊசியாக இருக்கும், நாக்கில் வழுவழுவென்று கரையும். அது பீட்டாவாக மாறினால் இருபது முப்பது மைக்ரானுக்கும் மேல் வளர்ந்துவிடும். ரொட்டியில் தடவினால் மணல் கடித்த மாதிரி. பாமாயில் இயல்பாகவே பீட்டா பிரைம் பக்கம் நிற்கும். மார்ஜரின்காரர்கள் அதைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்கா சொன்ன சூடு விஷயம் எங்களுக்கும் உயிர். எண்ணெயை முதலில் 70 டிகிரி வரை சூடாக்கி, பழைய படிகத்தின் சுவடே இல்லாமல் உருக்குவோம். பிறகு எந்த வேகத்தில் குளிர்விக்கிறோம் என்பதைப் பொறுத்து வடிவம் மாறும். ஒரு முறை குளிர்மேடையிலிருந்து ஸ்லைடை எடுத்து அடுத்த மேசைக்குப் போவதற்குள், கவர் ஸ்லிப் ஓரத்திலிருந்து படிகங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன. போலரைசரில் நட்சத்திரம் அணைவது மாதிரி. இந்த ஊர் வெக்கை அப்படி. நான் எடுத்த படத்தில் ஓரம் முழுக்க இருட்டு. மென்பொருள் அதைப் படிகம் குறைவு என்று எண்ணிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்து பீட்டா பிரைமா பீட்டாவா என்று நான் ஊகிப்பேன், ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன். அதற்கு, படிகத்துக்குள் இருக்கும் அடுக்குகளின் இடைவெளியை அளக்கும் எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் வேண்டும். 4.2, 3.8 ஆங்ஸ்ட்ராம் இரண்டும் தெரிந்தால் பீட்டா பிரைம், 4.6 உயர்ந்து நின்றால் பீட்டா. கணினிக்குப் பயிற்சி கொடுக்க நாம் ஒட்டும் பெயரையே வேறொரு சோதனை சரிபார்த்திருக்க வேண்டும். உங்கள் மூவாயிரம் படத்துக்கும் பெயர் ஒட்டியது யார், தங்கச்சி?

---

மிண்டன் மாணவி · புதன், இரவு 10.25

நான்தான் அண்ணே. பாடநூல் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒட்டினேன். இப்போது கேட்டதும் வயிறு கலங்குகிறது.

---

பெட்டாலிங் ஜெயா மென்பொருள் · புதன், இரவு 10.50

எல்லாரும் பிள்ளையைப் பயமுறுத்துவதாகத் தெரிகிறது. இவையெல்லாம் படம் குறைவாக இருப்பதால் வரும் தொல்லைகள். புரதத்தின் அமைப்பை அறிய ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாக வைத்து வளர்க்கும் புரதப் படிகத்தில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். 2018-இல் வந்த மார்கோ ஆய்வில் பல நிறுவனங்களிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து லட்சம் படங்களைச் சேர்த்தார்கள். தெளிவு, படிகம், வீழ்படிவு, மற்றவை என்று நான்கு வகை. 94 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்னது. மனிதர்களே அந்தப் படங்களில் ஒருவரோடொருவர் ஒத்துப்போவதில்லை. ரோபோ இரவு பகலாகப் படமெடுத்துத் தள்ளுகிறது, யார் உட்கார்ந்து பார்ப்பது? மலேசியாவில் இருக்கும் எல்லா லேபும் படத்தைக் கொடுத்தால் சிறுநீரிலும் இது முடிந்த கதை.

---

லேப் அக்கா · புதன், இரவு 11.40

தம்பி சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். கருவி வேண்டும். ஒரு வகைக் கருவி சிறுநீரை மெல்லிய கண்ணாடித் தடத்தில் ஓடவிட்டு ஒரு மாதிரிக்கு 500 படம் எடுக்கும். இன்னொரு வகை சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, உள்ளேயே சுழற்றிப் படியவைத்து 15 இடத்தில் படமெடுக்கும். நாளுக்கு முந்நூறு மாதிரியைக் கண்ணால் பார்த்த காலத்தில், மாலை நான்கு மணிக்கு மேல் நான் என்ன பார்த்தேன் என்று எனக்கே நிச்சயம் இருக்காது. கருவி களைப்பதில்லை.

மீதிப் பாதிக்கு அந்த ஆறுமுகத்தின் கதையைச் சொல்கிறேன்.

முன்பு நான் வேலை செய்த ஓர் இடம். ஒரு பையன், பத்தொன்பது வயது. திரும்பத் திரும்பக் கல். மாதிரி கருவிக்குள் போனது, ‘யூரிக் ஆசிட்’ என்று பெட்டியில் போட்டது. திரையில் படத்தைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது நான். ஆறு பக்கத் தகடு. யூரிக் ஆசிட்டும் ஆறு பக்கமாக வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் பொத்தானை அழுத்தினேன். அன்றைக்குப் பார்க்க வேண்டிய படங்கள் வரிசையில் நின்றன. ரிப்போர்ட்டை நம்பி அவனுக்கு யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். பல மாதம் கழித்து வெளியே எடுத்த கல்லைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சிஸ்டைன்.

சிஸ்டைன் கல் பிறவியிலேயே வருவது. அந்த மாத்திரை அதற்கு எதுவும் செய்யாது. தண்ணீரை நிறையக் குடிக்க வேண்டும், இரவில் எழுந்தும் குடிக்க வேண்டும், சிறுநீரைக் காரமாக வைத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் அவன் பட்ட வலியில் என் பொத்தானுக்கும் பங்கு உண்டு. இன்றைக்கும் அந்தப் படம் எனக்கு நினைவிருக்கிறது. தகடு நிறமே இல்லாமல் இருந்தது, தண்ணீரில் கிடக்கும் மைக்கா சில்லு மாதிரி. ஒரு பக்கம் மற்றதைவிடக் கொஞ்சம் நீளம். யூரிக் ஆசிட் என்றால் லேசான மஞ்சள் இருந்திருக்கும், தடிமன் இருந்திருக்கும், போலரைசரில் வண்ண வண்ணமாக மின்னியிருக்கும். மெல்லிய சிஸ்டைன் மங்கலாகத்தான் ஒளிரும். ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டிருந்தால் சிஸ்டைன் கரைந்து போயிருக்கும், யூரிக் ஆசிட் அசையாமல் இருந்திருக்கும். ஒரு சொட்டு. இரண்டு நிமிடம்.

சிஸ்டைனை உலகம் கண்டுபிடித்ததே ஒரு சிறுநீர்ப்பைக் கல்லில்தான். 1810-இல் வோலஸ்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் கண்டுபிடித்தார். இருநூறு வருடப் பழைய படிகம், ஆனாலும் எங்கள் கருவியின் பெட்டியில் அதற்கு இடமில்லை.

தம்பி, ஐந்து லட்சம் படம் சேர்த்தாலும் அதில் சிஸ்டைன் எத்தனை இருக்கும்? ஆயிரம் படத்தில் ஐந்து என்று வைத்துக்கொள். எல்லாவற்றையும் ‘சிஸ்டைன் இல்லை’ என்று கண்ணை மூடிச் சொன்னாலும் 99.5 விழுக்காடு சரி. அந்த ஐந்து பேருக்கு?

---

கோலாலம்பூர் டாக்டர் · வியாழன், காலை 6.50

அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தச் சிகிச்சையை எழுதிய டாக்டரிடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன். ரிப்போர்ட்டில் ‘யூரிக் ஆசிட்’ என்ற ஒரு சொல் மட்டும்தான் எங்கள் கைக்கு வருகிறது. படம் வருவதில்லை. படத்தையும் சேர்த்து அனுப்புங்கள் என்று நான் பல இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னோர் உதாரணம், பிறவிக் குறைபாட்டால் சிறுநீரில் வரும் 2,8-டைஹைட்ராக்சிஅடினின் என்ற அரிய படிகம். பழுப்பு நிற உருண்டை, போலரைசரில் நடுவே சிலுவை தெரியும். இதைக் கண்டுகொண்டால் அலோப்யூரினால் மாத்திரையாலேயே சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம். கண்டுகொள்ளாவிட்டால் சிறுநீரகம் படிப்படியாகச் செயலிழக்கும். கையுறைப் பவுடரிலிருந்து விழும் மாவுத்துகளும் போலரைசரில் இதே சிலுவையைக் காட்டும். மாவுத்துகள் அடிக்கடி வரும், மற்றது பல வருடத்துக்கு ஒரு முறை. கணினி எதைக் கற்றுக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள்.

நேற்று வரை இல்லாத படிகமும் நாளைக்கு வரலாம். 2008-இல் சீனாவில் பால்மாவில் மெலமைன் கலந்தார்கள். சுமார் 294,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அந்தக் கற்களில் மெலமைனும் யூரிக் ஆசிடும் சேர்ந்திருந்தன. 2007-இல் பயிற்றுவித்த மாடல் அந்தப் படிகத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கும்?

---

பெட்டாலிங் ஜெயா மென்பொருள் · வியாழன், காலை 9.15

அக்கா, மன்னிக்கவும். நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். புரதப் படிகத்தில் ஒன்று தப்பினால் இன்னொரு சொட்டு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. படம் நிறைய வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் என் கருத்து மாறவில்லை, அரிதான படிகங்களுக்குத்தான் அது அதிகம் தேவை. பொதுவான படத்தொகுப்பு ஒன்றைப் பெயர் நீக்கி, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு தொடங்கினால் அதற்கான சர்வர் வேலையை நான் இலவசமாகச் செய்து தருகிறேன்.

---

மிண்டன் மாணவி · வியாழன், மதியம் 12.40

நான் ‘மற்றவை’ என்று ஒரு வகை வைத்திருக்கிறேனே, அரிதானவை தானாக அதற்குள் போய்விடாதா?

---

பாயான் லெப்பாஸ் அண்ணன் · வியாழன், மதியம் 1.05

போகாது. ‘மற்றவை’க்குள் நீ என்ன போட்டாயோ அதைத்தான் அது கற்றிருக்கும்: குமிழி, நூலிழை, அழுக்கு. ஆறு பக்கத் தகட்டைக் காட்டினால் அழுக்கு மாதிரி இல்லை, யூரிக் ஆசிட் மாதிரி இருக்கிறது என்று அங்கேதான் போடும். உன் மாடல் ஐந்து பெட்டிக்கும் சேர்த்து நூறு மதிப்பெண்ணைப் பங்கிட்டே ஆக வேண்டும். ரம்புத்தான் படத்தைக் கொடுத்துப் பார், அதற்கும் ஏதோ ஒரு பெட்டியில் பெரிய மதிப்பெண் கொடுக்கும்.

எங்கள் லைனில் இரண்டு சொல் உண்டு. நல்ல போர்டைக் கெட்டது என்றால் ஃபால்ஸ் கால். கெட்ட போர்டை நல்லது என்று விட்டுவிட்டால் எஸ்கேப். ஃபால்ஸ் கால் வந்தால் ஆப்பரேட்டர் அக்கா ஒருவர் திரும்பப் பார்ப்பார், அரை நிமிடம் போகும். எஸ்கேப் வந்தால் சரக்கு வாடிக்கையாளரிடம் போய் நிற்கும். அதனால் மெஷினைக் கொஞ்சம் சந்தேகக்காரனாகவே வைத்திருப்போம். நீயும் மதிப்பெண்ணுக்கு ஒரு கோடு போடு. கோட்டுக்குக் கீழே வந்தால் பெயர் சொல்லக்கூடாது, ‘தெரியவில்லை’ என்று சொல்லி ஒரு மனிதக் கண்ணுக்கு அனுப்ப வேண்டும். கோடு மட்டும் போதாது, மாடல் சில சமயம் தவறையும் முழு நம்பிக்கையோடு சொல்லும். அதனால் அக்கா சொன்ன பி.எச்.-ஐயும் காவலுக்கு நிறுத்து. ஆறு பக்கம் என்று தெரிந்தால் மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் மனிதக் கண்ணுக்கே போகட்டும்.

---

லேப் அக்கா · வியாழன், மாலை 5.30

அண்ணன் சொன்னது நடக்க வேண்டுமென்றால் அந்தக் கண்ணுக்கு நேரமும் கொடுக்க வேண்டும். கருவி வந்ததும் ஆளைக் குறைத்துவிடுகிறார்கள். பிறகு ‘தெரியவில்லை’ பெட்டியைத் திறப்பதற்கு ஆள் இல்லை. புது பிள்ளைகள் திரையிலேயே கற்றுக்கொள்கிறார்கள், ஃபைன் ஃபோகஸைத் திருப்பிப் படிகத்தின் மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் பார்த்த கை அவர்களுக்கு இல்லை. தங்கச்சி, நீயும் ஒரே ஃபோகஸில் ஒரு படம் என்று நிறுத்தாதே. திருப்பிக்கொண்டே நான்கைந்து எடு. தடிமன் அப்போதுதான் தெரியும்.

போலரைசருக்குப் பணம் தேட வேண்டாம். பள்ளிக்கூடச் சோதனைக்கு விற்கும் போலரைசிங் ஷீட் போதும். ஒரு துண்டு ஸ்லைடுக்குக் கீழே விளக்கின் மேல், இன்னொரு துண்டு மேலே கண்வில்லைக்கும் கைப்பேசிக்கும் நடுவில். மேல் துண்டைத் திருப்பிக்கொண்டே வா, பின்னணி முழுக்க இருட்டும் இடத்தில் நிறுத்து.

---

மிண்டன் மாணவி · ஞாயிறு, இரவு 8.10

மூன்று நாள் வேலை. எழுதிவிடுகிறேன்.

நோயாளிவாரியாகப் பிரித்ததும் எண் நன்றாகவே இறங்கிவிட்டது. மேற்பார்வையாளரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இந்த எண்ணையே அறிக்கையில் போடு, ஏன் இறங்கியது என்று ஓர் அத்தியாயம் எழுது என்றார். குளிர்பெட்டியில் இருந்த பத்து மாதிரிகளில் மீதம் இருந்தவை நான்கு. அதில் பொடி மூடியிருந்ததை வெந்நீரில் நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் குழாய் கண்ணாடி மாதிரி தெளிந்தது. பொடிக்குப் பின்னால் தபால் உறைகள் இருந்தன, அக்கா! அவ்வளவு நாளும் என் கேமரா அவற்றைப் பார்க்கவே இல்லை.

போலரைசிங் ஷீட் வெட்டி மாட்டிவிட்டேன். சிவப்பணு, ஆக்சலேட் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது. ‘தெரியவில்லை’ என்று ஒரு கோப்புறை வைத்து, பழைய மூவாயிரத்தையும் அதன் வழியாக ஓட்டினேன். 41 படங்கள் அதில் விழுந்தன. பெரும்பாலும் நூலிழை, குமிழி. ஒன்று மட்டும் என்னை விடவில்லை. மூன்று மாதத்துக்கு முன் நானே ‘யூரிக் ஆசிட்’ என்று பெயர் ஒட்டியது. ஆறு பக்கம். நிறம் எனக்குத் தெரியவில்லை, அப்போது வெள்ளைச் சமநிலையைச் சரியாக வைக்கவில்லை. அந்த ஸ்லைடு இப்போது இல்லை. ஆனால் மாதிரியின் எண் இருக்கிறது. பெயர் கிளினிக்கில் இருக்கும், என்னிடம் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

---

கோலாலம்பூர் டாக்டர் · ஞாயிறு, இரவு 8.35

நாளைக் காலையிலேயே உங்கள் மேற்பார்வையாளர் வழியாகக் கிளினிக் டாக்டரிடம் அந்த எண்ணைக் கொடுங்கள். நோயாளியை நீங்கள் நேரே தேட வேண்டாம். இன்னொரு மாதிரி கேட்டு வாங்குவது அவர் வேலை. சிஸ்டைனுக்குச் சயனைடு நைட்ரோபுருசைடு சோதனை உண்டு, இருந்தால் சிவப்பு ஊதாவாக மாறும். பெரிய லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். யூரிக் ஆசிட்டாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

---

லேப் அக்கா · ஞாயிறு, இரவு 9.00

டாக்டர் சொன்னபடி செய். புது மாதிரி வந்தால், காலை முதல் சிறுநீராக இருக்கட்டும். குளிர்பெட்டியில் வைக்க விடாதே. கிளினிக் டாக்டர் சரி என்றால் என்னைக் கூப்பிடு, சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் எனக்கு ஷிப்ட் இல்லை. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் நான் நீர்த்துக் கொண்டுவருகிறேன். மற்ற 40 படத்தையும் அன்றைக்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.